கீழூர் வாக்கெடுப்பும் டெல்லியின் பொறுமையும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்பவர்கள் முள்ளோடையைக் கடக்கும்போது, 1947 ஆகஸ்ட் 15-க்குப் பின்னும் ஏழு ஆண்டுகளுக்கு மேலாக அது இந்தியாவுக்கும் பிரான்ஸுக்கும் இடையிலான எல்லையாக இருந்ததை நினைப்பதில்லை. சுதந்திர இந்தியாவின் தொடக்கக் கால வெளியுறவுக் கொள்கையைப் பேசும்போது காஷ்மீரையும் பாண்டுங் மாநாட்டையும் சொல்கிறோம். புதுச்சேரியை இந்தியாவுடன் இணைக்க நம் வாசலிலேயே நடந்த பேச்சுவார்த்தையை விட்டுவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே தீர்மானிக்கட்டும் என்று 1948 ஜூனில் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. அதன்படி 1949-இல் வாக்களித்த, வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் மறு ஆண்டே இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கிலும் இழுபறி நீடித்தது. இங்கே இறங்கிவந்தால் வியட்நாமை உள்ளடக்கிய தன் குடியேற்றப் பகுதியான இந்தோசீனாவிலும் அதையே செய்ய நேரிடும் என்ற அச்சம் பாரிஸில் இருந்தது. ஹைதராபாத்துக்குப் படை அனுப்பிய நேரு அரசு இங்கே அந்த வழியை நாடவில்லை. அதே வேளையில் கைகட்டி நிற்கவும் இல்லை. சுங்கக் கட்டுப்பாடும் அனுமதிச் சீட்டு முறையும் 1954-இல் மேலும் இறுகியபோது, ஊர்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்த இந்தப் பகுதியில் அவற்றின் சுமையைத் தாங்கியவர்கள் சாதாரண மக்களே. படை வரவில்லை என்பதற்காக இதை முற்றிலும் வலியில்லாத மாற்றம் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது வெகுதொலைவில். 1954 மே மாதம் வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியன் பியன் பூ வீழ்ந்தது; ஜூனில் மெந்தேஸ் பிரான்ஸ் என்பவர் பிரெஞ்சுப் பிரதமரானார்; ஜூலையில் இந்தோசீனப் போரை நிறுத்தும் ஜெனீவா உடன்பாடு கையெழுத்தாகி, அதைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைமை இந்தியாவுக்குக் கிடைத்தது. எந்த அணியிலும் சேராததால் வந்த அந்த நம்பிக்கையே, அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூர் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களிக்கவும், நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறவும் உகந்த சூழலை உருவாக்கியது என்று நான் கருதுகிறேன். ஆனால் வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள் மட்டுமே. 1948-இல் வாக்குறுதி அளிக்கப்பட்ட நேரடி வாக்கெடுப்பு நடக்கவில்லை. முடிவு அதேபோல்தான் வந்திருக்கும் என்றாலும் அதை நடத்தியிருக்க வேண்டும்.

இப்பகுதிகளைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைக்க 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962-இல்தான் ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பேச்சுக்கே இடம் கொடுக்காத போர்ச்சுகலிடமிருந்து கோவாவை இந்தியா 1961 டிசம்பரில் படைகொண்டு மீட்டுவிட்டது. புதுச்சேரியிலோ, பிரெஞ்சுக் குடியுரிமையையே தொடர விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என ஒப்பந்தம் இடமளித்தது. அவ்வாறு தெரிவித்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புதுச்சேரியில் இருந்தபடியே பிரெஞ்சுத் தேர்தல்களில் வாக்களிக்கிறார்கள்.