வெறும் தட்டு

"ஒண்ணும் வைக்காம ஒரு தட்டு போட்டுப் பாத்தியளா சாரே?"

லேப் உதவியாளர் கேட்டது இவ்வளவுதான். ஃபைசாரம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சையின் இழை மெம்ரிஸ்டராக, அதாவது முன்பு ஓடிய மின்சாரத்தைத் தன் தடையில் நினைவு வைக்கும் பாகமாக, நடந்துகொள்கிறது என்ற மாணவியின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்ட மறுநாள்.

தட்டில் குறை சொல்ல முடியாது. 2 சதவீத அகர் ஜெல்லியில் இரண்டு திட்டு, நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி, அடியில் மின்முனையாக அலுமினிய டேப். ஒன்றில் ஃபைசாரம் படர்ந்த ஓட்ஸ், எதிரே வெறும் ஓட்ஸ். இருட்டில், 25 டிகிரியில் வைத்தால் ஓரிரு நாளில் மஞ்சள் இழை பாலம் கட்டிவிடும். வெளிச்சம் பட்டால் விலகும், காய்ந்தால் கெட்டியாகி உறங்கிவிடும். அதற்காகத்தான் மூடிக்குள் ஈரத்துணி வைத்தோம்.

அந்த ஈரம்தான் உறுத்துகிறது. நாகர்கோவிலில் ஐப்பசி மழை. குளிர்ந்த தட்டின் மூடியைத் திறந்ததுமே பிளாஸ்டிக் வியர்த்துவிடும். இழையின் தடை மெகாஓம் கணக்கு. 100 மில்லிவோல்ட்டுக்குச் சில பத்து நானோஆம்பியர்தான் ஓடும். சிறு மின்னோட்டத்தைப் பெருக்கிக் காட்டும் ஆப்-ஆம்ப் சிப் வைத்துத்தான் அளந்தோம். அந்த அளவு மின்னோட்டத்தை ஒரு மெல்லிய நீர்ப்படலமே கடத்திவிடும்.

மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைந்தால், மெம்ரிஸ்டருக்கு அடையாளம் பூஜ்யத்தில் கூடும் வளையம். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆய்வாளர் அடமாட்ஸ்கியின் குழுவினர் ஃபைசாரத்தில் காட்டியதுதானே என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் காட்டியது அவர்கள் தட்டில்.

காலக் கணக்கும் இடிக்கிறது. பூஜ்யத்திலிருந்து கூட்டல் 100, அங்கிருந்து கழித்தல் 100, மறுபடி பூஜ்யம், 10 மில்லிவோல்ட் படி, படிக்கு 2 விநாடி என்றால் ஒரு சுற்று 80 விநாடி. இழைக்குள் சாறு முன்னும் பின்னும் ஓடித் திரும்ப ஆவதும் ஒன்றிரண்டு நிமிடம்தான். அந்த ஓட்டத்தோடு தடையும் ஏறி இறங்கும். அப்படியானால் நாங்கள் பார்த்தது நினைவா, ஓட்டமா? அளக்கும் முன் மின்னழுத்தத்தை மாற்றாமல் பத்து நிமிடம் பதிவு செய்திருந்தால் ஊசலாட்டம் தெரிந்திருக்கும். ஈரமா உயிரா என்பதற்காவது பதில் கிடைத்திருக்கும்.

பிறகு ஃபைசாரம் வைக்காத வெறும் தட்டும் போட்டோம். அதிலும் வளையம் வந்தது, ஒடுங்கலாக. ஆனால் பூஜ்யத்தில் கூடவில்லை, விரிந்தே நின்றது. அலுமினியமும் ஈர அகரும் தொடும் இடத்தில் மின்னூட்டம் தேங்கினால் வளையம் அப்படித்தான் இருக்கும். ஆகவே எங்களுடையது இழையின் வேலைதான் என்று மாணவியிடம் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கவில்லை.

வெறும் தட்டை அளந்த அன்று நாகர்கோவிலில் மழை இல்லை. பிளாஸ்டிக் வியர்க்கவும் இல்லை.