பூவாயியைப் படிக்கக் கொடுத்துப் பார்த்தேன்

மாயக்கதை நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நடக்கும் இடம் நம்ம சேர்வராயன் மலை. ஆனால் சேலத்திலிருந்து மேலே ஏறும் சாலையும் அதன் 20 கொண்டை ஊசி வளைவுகளும் வருவதற்கு ரொம்பக் காலம் முன்னால் நடக்கிற கதை. நாயகி பெயர் பூவாயி. அவள் கூப்பிட்டால் மூடுபனி இறங்கும், போகச் சொன்னால் விலகும். அடிவாரத்து வெள்ளைக்கரட்டில் இருந்து படை திரட்டி வரும் ஒரு அரசனிடமிருந்து மலை ஊர்களை அந்தப் பனியை வைத்தே காப்பாற்றுகிறாள். முதல் வரைவு முடிந்ததும் சேலத்திலும் ஏற்காட்டிலும் தெரிந்தவர்கள் சிலரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர்கள் சொன்னதையும், அதை வைத்து நான் மாற்றிப் பார்த்ததையும் எழுதி வைக்கிறேன்.

கொடுத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், எழுதுகிற மற்றவர்களுக்கு உதவும். ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டேன். வயதானவர்களுக்கு மட்டும் எழுத்தைப் பெரிதாக்கினேன். கூடவே ஒரு பென்சில். "கருத்து எதுவும் எழுத வேண்டாம், படிக்கும்போது எங்கே கீழே வைக்கிறீர்களோ அங்கே ஒரு கோடு போடுங்கள், போதும்" என்றேன். படித்து முடித்தவர்களிடம் "பிடித்ததா?" என்று கேட்கவே இல்லை. தெரிந்தவர்கள் எப்படியும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, நோட்டை மூடி வைத்துவிட்டு எனக்குக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். எதை நீட்டிச் சொல்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது.

நான் அதிக நாள் உட்கார்ந்து எழுதியது வெள்ளைக்கரட்டுப் போர். நெஞ்சு உயரப் பனிக்குள் பூவாயி ஒற்றை வாளோடு இறங்கும் இடம். திருப்பிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அதை "அப்புறம் சண்டை, இவ ஜெயிச்சுட்டா" என்று ஒரே வாக்கியத்தில் கடந்தார்கள். ஆனால் நாவலின் நடுவில் ஒரே ஒரு பத்தியில் வரும் விஷயம் எல்லோர் வாயிலும் வந்தது. பூவாயி ஒவ்வொரு முறை பனியை அழைக்கும்போதும் மலைச் சுனையில் நீர் இறங்குகிறது. பனிக்கு வேண்டிய தண்ணீர் அங்கிருந்துதான் எழும்புகிறது. ஊர் தப்பிக்கிறது, ஆனால் மறுநாள் காலை குடம் நிறையவில்லை.

இதைப் பற்றித்தான் சண்டையே. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், ஆங்கில மாயக்கதைகளை நிறையப் படித்தவன், "அண்ணா, அவளுக்கு இவ்வளவு சக்தி குடுத்துட்டு ஏன் குற்றவுணர்ச்சியையும் குடுக்கறீங்க? ஒரு ராஜா பண்ணியிருந்தா யாராவது கேப்பாங்களா?" என்றான். ஞாயமான கேள்வி. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேர் எதிராகச் சொன்னாள். பூவாயி எதற்கும் பயப்படவே மாட்டேன் என்கிறாளாம், அதனால் அவள் பக்கத்தில் போகவே முடியவில்லையாம். "சுனை வத்தினப்போதான் எனக்கு அவளைப் புடிச்சுது" என்றாள். அந்தப் பெண்ணின் பிரதியில் முதல் நாற்பது பக்கங்களில் பென்சில் கோடுகள் வரிசையாக இருந்தன. சுனைக்குப் பிறகு ஒரு கோடுகூட இல்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் படித்துவிட்டு வேறொன்றைப் பிடித்தார். பூவாயி கொலுசு போட்டிருக்கிறாள், எதிரிப் பாசறைக்குள் ராத்திரி பதுங்கிப் போகிறாள். "பனியில கண்ணுதாங்க மறையும், காது மறையாது" என்றார். மேசை மேல் கிடந்த ஒரு ஜோடியை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக் காட்டினார். கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா போட்டு விட்டது என்று நானே முன்னால் எழுதியிருக்கிறேனாம், கழற்றக்கூடாதாம். "சலங்கைக்குள்ள தேன்மெழுகை உருக்கி ஊத்தச் சொல்லுங்க. குண்டு ஆடாது, சத்தமும் வராது. திரும்பி வந்து தணல்ல காட்டினா மெழுகு ஓடிடும்." அதை அப்படியே எழுதினேன். பாசறையிலிருந்து திரும்பி வந்து, கை நடுங்க நடுங்க மெழுகை உருக்கி எடுக்கும் காட்சியில் பூவாயிக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பத்தாம் வகுப்புப் பெண் கேட்டதும் அதுதானே. போய்க்கொண்டிருந்தபோது வராத பயம், வேலை முடிந்து உட்கார்ந்ததும் வருகிறது. இந்த நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் இப்போது அதுதான்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் அவர் மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். "ஏன் கண்ணு, காபிச் செடியே வரலையே?" என்பதுதான் முதல் கேள்வி. இந்த மலைக்குக் காபி வந்ததே 1820களில், சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில்தான் என்று சொன்னேன். மிளகுக் கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியா மரம். அதனால் பூவாயியின் மலையில் பலாவும் சந்தனமும் நாவலும் இருக்கின்றன, சரிவில் சாமையும் ராகியும் விளைகின்றன, உச்சியில் செம்மண் மேட்டில் புல் மட்டும். அக்கா அதைச் சட்டென்று ஏற்றுக்கொண்டார். பனியைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. நான் பனியை வெள்ளையாக, பார்க்கிற பொருளாகவே எழுதியிருக்கிறேனாம். "உள்ள நிக்கறவளுக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. புருவத்துல தண்ணி கோத்துக்கும். காட்டு மாடு எதுக்க நின்னாலும் தெரியாது, மூச்சுதான் மொதல்ல கேக்கும். அது கேட்டுச்சுன்னா நகரக்கூடாது" என்றார். காட்டெருமை நடமாடும் தோட்டத்தில் விடிகாலையில் வேலைக்குப் போகிறவர் சொல்கிற வார்த்தை. போர்க் காட்சியை அதை வைத்துத் திருத்தினேன். வாள் வீச்சுகளை எடுத்துவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது:

"பூவாயி அசையவில்லை. வலப்புறம் ஒரு மூச்சு. மனிதனுடையது, ஓடி வந்த மூச்சு. இடப்புறம் இன்னொன்று, கனமாக, நிதானமாக. அவள் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஓடி வந்தவன் தவறான பக்கம் திரும்பும்வரை காத்திருந்தாள்."

கதையை நிஜமாகவே மாற்றியது என் அத்தைதான். அத்தை பிறந்தது சங்ககிரிப் பக்கம். சின்ன வயதில் அண்ணன்மார் சாமி கதையை, அதாவது பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை தங்காள் ஆகியோரின் கொங்கு நாட்டுக் கதையை, உடுக்கை அடித்துப் பாட விடிய விடியக் கேட்டவர். பூவாயிக்குக் கல்யாணம் வைக்கச் சொல்வார் என்று நினைத்தேன், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானே கேட்டேன். "தங்காளுக்கு யாரு கல்யாணம் பண்ணி வச்சாங்க? அண்ணனுங்க செத்துக் கெடந்த படுகளத்துக்குத் தேடிப் போயி எழுப்பினவ அவதான? அவளையுந்தான கும்புடறோம்" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் கதையைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். சுனை வற்றிய இடம் வந்ததும், "அந்தப் புள்ள விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு, கீழ ஓடைக்குப் போயி தண்ணி கொண்டாந்து வீடு வீடா ஊத்துது. யாருகிட்டயும் ஏன்னு சொல்லல" என்றார். நான் அப்படி எழுதவே இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், அப்படி ஒரு வரியும் கிடையாது. அத்தை படித்ததாகவே நம்புகிறார். பூவாயி அப்படித்தான் செய்திருப்பாள் என்று அவர் மனதில் பதிந்து, அது படித்த நினைவாகவே மாறிவிட்டது.

அன்றிலிருந்து வலிமையான நாயகி என்பதை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. மணிமேகலைக்கு வேற்றுரு எடுக்கவும் வானில் பறக்கவும் பசியை அடக்கவும் மந்திரங்கள் கிடைக்கின்றன. ஆனால் அவளை நினைத்தால் நமக்குக் கண்முன் வருவது பறப்பது இல்லை, அமுதசுரபியோடு பசித்தவர்கள் நடுவில் நிற்பதுதான். வாசகர்கள் பூவாயியிடம் தேடியதும் அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அவளுடைய சக்திக்கு யார் விலை கொடுக்கிறார்கள், அது தெரிந்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. தம்பி கேட்ட கேள்விக்கும் அதில் எனக்குப் பதில் கிடைத்தது. அவளைக் குற்றவுணர்ச்சியில் புழுங்க விட வேண்டாம், குடத்தைத் தூக்க விட்டால் போதும்.

அத்தை சொன்ன காட்சியைத் தனி அத்தியாயமாகவே சேர்த்துவிட்டேன். மாற்றிய பிரதியைப் புதிதாகச் சிலரிடம் கொடுத்தேன், ஏனென்றால் கதை தெரிந்தவர்களிடம் திரும்பக் கேட்பதில் பயனில்லை. இந்த முறை போர் நடுவிலேயே கோடு விழுவது குறைந்திருக்கிறது. ஆனால் தண்ணீர் சுமக்கும் அத்தியாயம் நீளம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். குறைக்கப் போவதில்லை. அந்த ஏற்றத்தை வாசகரும் மூச்சு வாங்கித்தான் ஏற வேண்டும்.

முடிவில்தான் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. சுனை மறுபடி நிறைய வேண்டும் என்று பாதிப் பேர் பிடிவாதமாக இருக்கிறார்கள். பட்டறை நண்பர், "நெறைஞ்சா அவ பட்ட பாட்டுக்கு மதிப்பு இல்லை" என்கிறார். தோட்டத்து அக்காவோ, ஒரு மழைக்காலம் போனால் சுனை தானாக ஊறும், ஆனால் பழைய மட்டத்துக்கு வராது என்று தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அக்கா வழியில்தான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அடுத்த முறை படை வந்தால் பனியை அழைக்கலாமா கூடாதா என்று இனிப் பூவாயி தனியாக முடிவு செய்ய முடியாது. சுனையை வைத்துக்கொண்டு ஊரே உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஊர்க் கூட்டத்தில் அவளுக்கு எதிராக முதலில் எழுந்து பேசப்போவது அவள் அம்மா. அதுவரை வந்திருக்கிறேன்.