தூம்பில் ஏறிய மிருகம்: கார்காயில் குறிப்புகள்

அக்டோபர் 6

கூரையில் சேரும் மழைநீர், சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் மிருகத்தின் முதுகில் வெட்டிய வாய்க்காலில் ஓடி வாய்வழியே கொட்டினால்தான் அது கார்காயில். தண்ணீருக்கு வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது வெறும் கோர உருவம். பாரிஸில் அதை ஷிமேர் என்கிறார்கள்.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் அஞ்சலட்டைகளில் கன்னத்தில் கைவைத்து ஊரைப் பார்க்கும் கொம்புப் பிசாசு இரண்டாம் வகை. இடைக்காலச் சிற்பி அதைத் தொட்டதே இல்லை. 1840களில் தொடங்கி 1864இல் முடிந்த சீரமைப்பின்போது கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் வடிவமைத்தது. சார்ல் மெர்யோன் 1853இல் அதை அச்சோவியமாக்கினார். புகழுக்கு அது ஒரு பெரிய காரணம். உண்மையான கார்காயில்கள் பக்கச் சுவர்களில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு.

அக்டோபர் 8

மிருக வாய்வழி நீர் விடுவது ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடப் பாணியான கோதிக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. எகிப்தில் தெந்தேரா கோயிலிலும் கிரேக்கத்தில் ஒலிம்பியாவின் சியூஸ் கோயிலிலும் சிங்கங்கள் இதே வேலையைச் செய்தன. பிரான்ஸில் கோதிக் கார்காயில் லான் பேராலயத்தில் 1220 வாக்கில் வருகிறது.

கார்காயில்களைத் துறவி பெர்னார்ட் கண்டித்தார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அவர் 1125 வாக்கில் திட்டியது மடத்து முற்றத் தூண்களில் இருந்த குரங்குகளையும் சிங்கங்களையும். மடத்தனத்துக்கு வெட்கப்படாவிட்டாலும் செலவுக்காவது வெட்கப்படக் கூடாதா என்பது அவர் கேள்வி. 1153இல் இறந்தவர் லானை எப்படிக் கண்டிப்பார்?

அக்டோபர் 14

இனி தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, மணிக்கு 50 மி.மீ. மழை, வெளியேற ஒரே வாய் என்றால் நிமிடத்துக்கு 83 லிட்டர் கொட்டும். நான்கு வாய்க்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 21 லிட்டர்தான். மெல்லிய தாரை தரையைத் தொடுமுன் காற்றில் சிதறிவிடும், கீழே கல்லை அரிக்காது. வாய்களின் எண்ணிக்கை கூடியது இதற்காக. அலங்கார ஆசையெல்லாம் அப்புறம்.

20 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழ 2 வினாடி ஆகும். வாயை விட்டு வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 2 மீட்டர் தள்ளி விழும். கல் நீட்டியிருக்கும் 1 மீட்டரையும் சேர்த்தால் சுவருக்கு 3 மீட்டர் பாதுகாப்பு. தூறலில் இந்த வேகம் வராது. நீர் தாடையை ஒட்டி அடிவழியே சுவருக்கே திரும்பும். மொட்டைமாடித் தூம்பு குட்டையாக இருந்தால் சுவரில் பாசிக்கோடு இறங்குவதும் இப்படித்தான். கீழுதட்டின் அடியில் குறுக்கே ஒரு காடி வெட்டினால் நீர் அங்கேயே அறுந்து சொட்டிவிடும்.

உருவமும் இதிலிருந்து வருவதுதான். நீண்ட ஒற்றைக் கல்லில் அகலமான மிருகம் அடங்காது. அதனால் கழுத்து நீண்ட நாய், சிங்கம், சிறகு மடக்கிய நாகம். வால்பகுதி சுவருக்குள் புதைந்து, மேல்வரிசைக் கற்கள் அதை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் கவிழும்.

சுண்ணாம்புக்கல்லில் அடுக்குகள் உண்டு. சுவர்க்கல்லை அடுக்கு கிடையாக இருக்கும்படி வைப்பார்கள். நீட்டுக்கல்லை அப்படி வைத்தால் அடிவயிறு தகடு தகடாக உரியும். அடுக்குகள் செங்குத்தாக, சுவருக்குச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். சுவருக்கு இணையாக நின்றால் கழுத்தோடு ஒடிந்துவிடும்.

அக்டோபர் 15

நம் கோயில் கோமுகியைக் கார்காயிலின் தம்பி என்பது பொருந்தாது. கோமுகி கருவறையின் அபிஷேக நீருக்கானது, கூரை மழைக்கானதல்ல. தூர வீச வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை.

அக்டோபர் 21

பழுதுகளில் முதலாவது அடைப்பு: சருகு, புறாக்கூடு. வாய்க்கால் நிரம்பி வழிந்தால் சுவர் ஊறும். குளிர்காலத்தில் ஊறிய நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து கல்லைப் பிளக்கும். இலையுதிர்ந்து முடிந்ததும் ஒருமுறை, பனிக்காலம் கழிந்ததும் ஒருமுறை சுத்தம் செய்தால் பாதித் தொல்லை தீரும்.

மழை கழுவாத இடங்களில், குறிப்பாகத் தாடைக்கு அடியில், கருப்புப் படலம் பிடிக்கும். நகரப் புகையின் கந்தகம் சுண்ணாம்புக்கல்லை ஜிப்சமாக மாற்றுகிறது. கரியும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. உரியும்போது செதுக்கிய முகத்தையும் சேர்த்துக்கொண்டுதான் விழும்.

பழைய இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்து உள்ளிருந்து விரிசல் விடும். விரிசலைச் சிமெண்டால் பூசுவது அதைவிடக் கெடுதல்: ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துக் கல்லைத் தின்னும். சுண்ணாம்புச் சாந்தே சரி. வாய்க்காலுக்கு ஈயத் தகடு போடலாம்.

அக்டோபர் 27

1724 சட்டம் லண்டனின் புதுக் கட்டடங்களுக்கு இறக்குக் குழாயைக் கட்டாயமாக்கியது. தண்ணீருக்குக் குழாய் கிடைத்தது, மிருகத்துக்கு வேலை போனது. ஆனாலும் அது கட்டடத்தை விட்டு இறங்கவில்லை. நியூயார்க் கிரைஸ்லர் கட்டடத்தின் 61ஆம் மாடியில் எஃகுக் கழுகுத் தலைகள் (1930) ஒரு சொட்டு நீரும் விடாமல் எட்டிப் பார்க்கின்றன.

வாஷிங்டன் தேசியப் பேராலயம் 1980களில் சிறுவர்களிடம் வடிவம் கேட்டுப் போட்டி வைத்தது. மூன்றாம் பரிசு வாங்கியது ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடரின் தலை. வாயில் குழாய் கிடையாது, மழை தலையில் பட்டுச் சிதறும். ஆகவே கார்காயில் கணக்கில் சேராது. தேடிப் போகிறவர்கள் வடமேற்குக் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். பைனாகுலர் இல்லாமல் தெரியாது.