கொதிநிலை 100 என்று எழுதிய ரெக்கார்டு நோட்டு

உதகையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு. 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். ஆகவே இங்கே படிக்கும் பிள்ளையின் ரெக்கார்டு நோட்டில் கொதிநிலை 100 என்று இருந்தால், அவர் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். புத்தகத்திலிருந்தோ சீனியரின் நோட்டிலிருந்தோ வந்த எண் அது. அதற்கு டிக் போட்டுவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி 92.5 என்று எழுதியவருக்குச் சிவப்பு மையில் சுழித்தால், காப்பியடிக்கப் பாடம் எடுத்ததே ஆசிரியர்தான்.

பிட் எடுத்துவந்த கை மாணவருடையது. அந்தப் பொறுப்பிலிருந்து அவருக்கு விலக்கு இல்லை. ஆனால் விசாரணை அவரோடு முடிந்துவிடுவதுதான் வேதனை. கெடுபிடியான பள்ளிகளில் பிட் அடிப்பவர் எப்போதும் ஃபெயிலாகப் போகிறவர் அல்ல. 95 வாங்குபவரும் 98-க்காக அடிப்பார். திங்கட்கிழமை ஒரே நாளில் மூன்று டெஸ்ட் வைத்தது பள்ளி. ரேங்க் கார்டைப் பார்த்ததும் "அந்த மூணு மார்க் எங்கே போச்சு?" என்று கேட்டது வீடு. பிளஸ் டூ அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பள்ளியின் கையில் இருக்கும் அந்த 10-ஐ யாரையும் மதிப்பிடாமலே எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தால், மார்க் என்பது உழைக்காமலும் வரும் என்று பள்ளியே சொல்லிக் கொடுக்கிறது.

நீட் போன்ற தேர்வுகளுக்காக 2024-இல் வந்த முறைகேடு தடுப்புச் சட்டம்கூட வினாத்தாளைக் கசியவிடுபவர்களைத்தான் குறிவைக்கிறது, தேர்வெழுதும் பிள்ளையை அல்ல.

பள்ளிக்குள் கசிவு பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். ஏ செக்‌ஷனுக்குக் காலையில் வைத்த தாளையே பி செக்‌ஷனுக்கு மதியம் வைத்தால், விடுதி மெஸ்ஸில் தட்டு வைக்கும் முன்பே கேள்விகள் பரவிவிடும். எண்ணை மாற்றினாலே போதும். குவிலென்ஸ் கணக்கில் பொருள் 30 செ.மீ. தூரத்தில், குவியத் தூரம் ஒரு தாளில் 20, இன்னொன்றில் 15. முதல் தாளுக்குப் பிம்பம் 60 செ.மீ., இரண்டாவதற்கு 30. மதியம் எழுதியவர் 60 என்று முடித்திருந்தால் விடைத்தாளே சொல்லிவிடும். மாற்றும்போது இரண்டு விடைகளையும் போட்டுப் பாருங்கள்: குவியத் தூரம் 15, பொருள் தூரம் 20 என்று கொடுத்தாலும் விடை 60-தான் வரும், உழைப்பு வீண்.

ஜூலை மழையில் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்வது கொடுமை. விறைத்த விரல்களால் மூன்று மணி நேரம் எழுத முடியாது. ஆனால் மைக்ரோ ஜெராக்ஸ் துண்டு ஒளிவது ஸ்வெட்டரின் கைமுனை மடிப்பில்தான். உட்காரும் முன் எல்லோரையும் ஸ்வெட்டர் கையை இரண்டு மடிப்பு மேலே ஏற்றிவிடச் சொல்லுங்கள். ஒருவரை மட்டும் சோதிக்க வேண்டாம்.

அப்படியும் பிடிபட்டால் விடைத்தாளைக் கிழிக்காதீர்கள். சத்தம் போடாமல் பிட்டை வாங்கி, அதுவரை எழுதியதன் கீழே கோடிட்டு நேரத்தைக் குறியுங்கள். புதுத் தாள் கொடுத்துத் தொடரச் சொல்லுங்கள். கோட்டுக்குப் பின் எழுதியதற்கு மார்க் உண்டு. விசாரணை தேர்வு முடிந்த பிறகு, தனியாக. அன்றைக்கே அந்த வினாத்தாளையும் அந்த வார டெஸ்ட் அட்டவணையையும் அதே மேசையில் எடுத்து வையுங்கள். தாள் தயாரித்த ஆசிரியரும் அங்கே உட்கார வேண்டும்.