இரண்டு கேன் என்சைம் வீணான பிறகு

ஈரோட்டுப் பக்கம் தானிய எத்தனால் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறேன். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி தருவதை நிறுத்தியதும் நாங்களும் மக்காச்சோளத்துக்கு மாறினோம். அதிலிருந்து, எத்தனால் வடித்தபின் மிஞ்சும் கலவையைச் சுழற்றிப் பிரிக்கும் டிகேண்டரில் விழும் வெட் கேக் (ஈரச் சக்கை) ஒரே சொதசொதப்பு. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் மஞ்சளாக வடியும். மக்காச்சோள நார், தண்ணீரை அப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் காயவைத்துத் தீவனத்துக்கு அனுப்புவோம்; டிரையர் திணறியது. நாமக்கல் தீவன ஆலையிலிருந்து ஈரம் என்று ஒரு லோடு திரும்பியே வந்துவிட்டது.

நாரை உடைக்கும் சைலனேஸ் என்ற என்சைம் வாங்கினோம். "டிகேண்டருக்கு முந்தின டேங்க்ல ஊத்துங்க, போதும்" என்றார் விற்க வந்தவர். நம்பினேன். வடித்தபின் அந்த டேங்குக்கு வரும் ஸ்டில்லேஜ் (மிஞ்சும் கலவை) 85 டிகிரிக்கு மேல். என்சைமும் புரதம்தானே, போன வேகத்தில் வெந்துவிட்டது. நாலாம் நாள் ஆபரேட்டர் அண்ணன், "ஏனுங்க தம்பி, மருந்து ஊத்துனீங்களா இல்லீங்களா? கேக்கு அப்படியேதானுங்க வருது" என்றார். விற்றவருக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை.

அடுத்த கேன் சித்திரை வெயிலில் ஸ்டோர் தகர ஷெட்டில் மூன்று வாரம் கிடந்து வீரியம் போனது. குளிர்ச்சியில் வைக்கச் சொல்லி லேபிளிலேயே போட்டிருக்கிறது. "இதுக்கு ஏசி ரூமுங்களா?" என்றார் ஸ்டோர்காரர். வயிறு எரிந்தது.

மூன்றாவது கேனை லேப் ஃப்ரிட்ஜில் நானே வைத்துப் பூட்டினேன். வடிப்பதற்கு முன், ஈஸ்ட் விடும்போதே பெர்மென்டரில் (நொதிக்க வைக்கும் தொட்டியில்) சேர்த்தோம். 32 டிகிரியில் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அங்கே 55 மணி நேரம் கிடைக்கிறது.

கேக்கில் திடப்பொருள் 30 சதவீதம் இருந்தது, 33 ஆனது. மூன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு டன் உலர் சரக்குக்கு 2,333 கிலோவாக இருந்த தண்ணீர் 2,030 ஆகிறது. டிரையருக்கு 300 கிலோ மிச்சம்! அந்த நீர், தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகும். அங்கே ஒரே நீராவி பல கட்டமாக உழைப்பதால் செலவு குறைவு.

செய்து பார்க்கிறவர்கள் முதலில் என்சைம் இல்லாமல் பத்து நாள் கணக்கு எடுத்து வையுங்கள். அந்த நாட்களிலும் என்சைம் சேர்க்கும் நாட்களிலும் டிகேண்டர் வேகத்தைத் தொடவே கூடாது. தொட்டால் ஈரம் எதனால் குறைந்தது என்றே தெரியாது. கையால் பிழிந்து பார்ப்பதை நம்பாமல் கேக்கை 105 டிகிரி ஓவனில் காயவைத்து எடை போடுங்கள். மாஸ்க் இல்லாமல் கேனைத் திறக்காதீர்கள், மூச்சு அலர்ஜி வரலாம்.

லோடைத் திருப்பியனுப்பிய அதே நாமக்கல்காரர் இந்த வாரம் மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டு அள்ளிப் பார்த்துவிட்டு, "இறக்குங்க" என்றார்.