தினம் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு

சேர்க்காட்டுத் திருவள்ளுவர் பல்கலைக்கழகமோ, வேலூர் டவுன் கல்லூரிகளோ, எங்கே சேர்ந்தாலும் ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் என்று தினம் வந்து போகிறவர்கள் ஏராளம். கடைசி மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுவதால் மற்றவர்களோடு பழக்கம் பக்கத்து பெஞ்சைத் தாண்டுவதில்லை. நட்பு வளர இப்படிச் செய்து பாருங்கள்.

மன்றக் கூட்டம், நாடக ஒத்திகை எதையும் மாலையில் வைக்காதீர்கள். முதல் வாரம் எல்லாரும் இருப்பார்கள். அப்புறம் கிராமத்துப் பெண்பிள்ளைகள்தான் முதலில் வராமல் நின்றுவிடுவார்கள். ஆர்வக்குறைவு இல்லை, அவர்கள் ஊர் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதோ. மதியச் சாப்பாட்டு வேளைதான் சரி. பத்து நிமிடம் டிபன் பாக்ஸ், இருபது நிமிடம் வேலை. கூடும் கிழமையும் மரத்தடியும் மாறவே கூடாது; மாறினால் லீவு போட்டவருக்குத் தெரியாமல் போகும்.

வாட்ஸ்அப் குழுவை ரூட் வாரியாகத் தொடங்குங்கள், 8, 10 பேர் போதும். துறைக் குழுவில் அறிவிப்புதான் வரும். ரூட் குழுவில் பஸ் லேட், யார் சீட் பிடிப்பது, நோட்ஸ் எல்லாம் ஓடும். சீனியர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். காட்பாடிக்கு ரயிலில் வருபவர்கள் ஒரே பெட்டியில் ஏறுங்கள். சலுகை சீசன் டிக்கெட்டுக்கு வேண்டிய சான்றைக் கல்லூரி அலுவலகத்தில் முதல் வாரமே கேளுங்கள்.

வெளியே போவதென்றால் சனிக்கிழமை மதியம் கோட்டைப் பூங்கா. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். செலவு ஆளுக்கு 50 ரூபாயைத் தாண்ட வேண்டாம். பிரியாணி என்று ஆரம்பித்தால், காசில்லாத பிள்ளை காரணம் சொல்லாமலே ஒதுங்கிவிடும்.