மூன்று கண்டு நூலும் ஒரு தராசும்: வெயில் காலத்துக்கு ஒரு குரோஷே ஷால்

வெயில் காலத்தில் ஷால் எதற்கு என்று கேட்பவர்கள், ஏசி நேராகத் தோளில் அடிக்கிற இருக்கையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், இல்லையென்றால் கையில்லாத சட்டையோடு உச்சி வெயிலில் நடந்திருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே ஷால் போதும், கனமாக மட்டும் இருக்கக் கூடாது. அதனால் இந்த முறை ஒரு பேட்டர்னைப் பார்த்து ஆசைப்பட்டு, அதற்கு நூல் தேடி அலைவது என்ற வழக்கமான பாதையை விட்டுவிட்டு, எடையை முதலில் முடிவு செய்தேன். 150 கிராமுக்குள் முடிய வேண்டும், அதாவது 50 கிராம் கண்டு மூன்று. விரித்தால் ஒன்றரை மீட்டர் அகலம் வர வேண்டும். டிசைன் என்னவாக இருந்தாலும் இதற்குள் அடங்கட்டும்.

நூல் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. அக்ரிலிக் மெலிதாக, அழகாகக் கிடைக்கிறது, ஆனால் வியர்வையை உறிஞ்சவே உறிஞ்சாது, கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், லினன் இன்னும் கூடுதல், அக்ரிலிக் இரண்டைத் தாண்டாது. பாம்பூ நூலும் கையில் எடுத்துப் பார்த்தேன், வழுவழுவென்று குளிர்ச்சியாக ஆசையைத் தூண்டும், ஆனால் அது விஸ்கோஸ் வகை (கூழிலிருந்து ரசாயன முறையில் எடுக்கிற இழை), நனைந்தால் வலுவில் கணிசமான பகுதியை இழந்துவிடும். பருத்தி நேர்மாறு, நனைந்தால் இன்னும் உறுதியாகும். அடிக்கடி துவைக்கப் போகிற ஒன்றுக்கு அது முக்கியம். கடைசியில் மெர்சரைஸ்டு காட்டன், 50 கிராமுக்கு 200 மீட்டர் வருகிற ரகம். காஸ்டிக் சோடாவில் முக்கி எடுக்கிற அந்த முறைக்கு ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை வாங்கினார், இழுத்துப் பிடித்த நிலையில் முக்கினால்தான் பளபளப்பு வரும் என்பது அதற்கு நாற்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நமக்கு அதில் கிடைக்கிற லாபம், நூலில் பிசிறு குறைவு, ஒவ்வொரு ஸ்டிச்சும் தனித்தனியாகத் தெளிவாகத் தெரியும். லேஸ் பின்னலுக்கு அதுதானே வேண்டும். பருத்தி நீண்டு கொடுக்காது என்பதுதான் சங்கடம், கம்பளி நூல் மாதிரி கூடவே வளைந்து வராது, அந்த இழுப்பெல்லாம் மணிக்கட்டுக்குப் போகும். நூலை விரலில் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டு தளர்வாகப் பின்னினால் சமாளிக்கலாம்.

லேபிளில் 2.5 முதல் 3 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தது. அது பொம்மை, பை மாதிரி இறுக்கமாக நிற்க வேண்டிய சாமான்களுக்குச் சரி. ஷாலுக்கு 3.5 எடுத்தேன். 4-லும் கொஞ்சம் பின்னிப் பார்த்தேன், துளை பெரிதாக வந்தது, ஆனால் ஸ்டிச்சின் தலை தொளதொளவென்று ஆகி ஓரம் அலைய ஆரம்பித்தது.

அப்புறம் மாதிரித் துண்டுகள். இதில்தான் தராசு வருகிறது. 15 செ.மீ. சதுரமாக மூன்று துண்டு, மூன்றும் அதே நூல், அதே ஊசி, மூன்றையும் நனைத்து, பின் குத்திக் காயவைத்த பிறகுதான் நிறுத்தேன். முழுக்க டபுள் குரோஷே (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடுகிற உயரமான ஸ்டிச்) போட்டது 7 கிராம். ஒரு டபுள், ஒரு செயின் (ஒற்றைச் சங்கிலி வளையம்), ஒன்றைத் தாண்டி அடுத்தது என்று வலையாகப் போட்டது 5 கிராம். சாலமன் நாட் என்று சொல்கிற நீள வளைய முடிச்சில் போட்டது வெறும் 3 கிராம்.

இப்போது கணக்கு. ஒன்றரை மீட்டர் அகலமும் முக்கால் மீட்டர் ஆழமும் உள்ள முக்கோணம் என்றால் இந்தச் சதுரம் போல 25 வேண்டும். முழு டபுளில் போனால் 170 கிராமைத் தாண்டும், நாலாவது கண்டு கேட்கும், போட்டால் தோள் வேகும். சாலமன் நாட் என்றால் 80 கிராமுக்குள் முடிந்துவிடும், கையில் எடுத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, ஆனால் மோதிரம், வளையல், பையின் ஜிப் எல்லாவற்றிலும் மாட்டும். தினமும் போடுகிற ஷாலுக்கு அது ஆகாது, என்னைக் கேட்டால் எதற்குமே ஆகாது. வலை 125 கிராம் பக்கம் வரும். மிச்சம் 20 கிராம் சொச்சத்தில் பார்டர். முடிவாகிவிட்டது.

(நான் டபுள் என்று சொல்வது அமெரிக்க முறைப்படி. பிரிட்டிஷ் பேட்டர்னில் இதையே டிரெபிள் என்று போட்டிருப்பார்கள். எந்த முறை என்று பார்க்காமல் ஆரம்பித்தால் உயரம், அகலம், நூல் கணக்கு எல்லாமே மாறிவிடும்.)

வடிவம் மேலிருந்து கீழே இறங்குகிற முக்கோணம். கழுத்தின் நடுவில் நாலு செயின் போட்டு வளையமாக்கி, அதற்குள் ஆறு டபுள், நடுவில் மட்டும் இரண்டு செயின் இடைவெளி, மற்றவற்றுக்கு இடையில் ஒரு செயின். அந்த இரண்டு செயின் இடைவெளிதான் கடைசிவரை நடுக்கோடு. ஒவ்வொரு வரிசையிலும் அதற்குள் ஒரு டபுள், இரண்டு செயின், ஒரு டபுள். இரண்டு ஓரத்திலும் முதல், கடைசி ஸ்டிச்சில் இன்னொரு டபுள் கூடுதலாக. ஆக, வரிசைக்கு நாலு கட்டம் (இரண்டு டபுளுக்கு நடுவில் வருகிற துளை) கூடும். டபுளின் உயரத்துக்கு இது சரியாகப் பொருந்துகிறது, மேல் ஓரம் நேர்கோடாக நிற்கிறது. உயரம் கூடின அமெரிக்க டிரெபிளில் வலை போட நினைத்தால் நாலு போதாது, மேல் ஓரம் இரண்டு பக்கமும் கீழே சரிந்து, ஷால் அம்பு முனை மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அந்த வடிவம் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

வெறும் வலை மட்டும் என்றால் பார்க்கச் சலிப்பாக இருக்கும் என்று ஒவ்வொரு ஆறாவது வரிசையையும் வி ஸ்டிச்சாக மாற்றினேன், ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்தில் டபுள், செயின், டபுள். ஒரு வி இரண்டு கட்டத்துக்குச் சமம். இந்த முறையில் ஒவ்வொரு பாதியிலும் கட்டங்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையிலேயே இருக்கும், அதனால் எங்கே வி வரிசை வைத்தாலும் மிச்சம் விழாது. நூல் செலவும் வலைக்கு ஏறக்குறைய அதேதான்.

வரிசை 18. இதுவரை 12 கிராம்கூட முழுசாகப் போகவில்லை. கண்டு அப்படியே இருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பலருக்கு ஆசை பெருகி, இன்னும் பெரிதாகப் பின்னலாம் என்று தோன்றும். தோன்ற விடாதீர்கள்.

வரிசை 37. முதல் கண்டு முடிந்தது. சரியாகச் சொன்னால் ஒரு கிராமுக்கு மேல் கொஞ்சம் மிச்சம், ஆனால் இப்போது ஒரு வரிசைக்கு இரண்டரை கிராமுக்கு மேல் ஆகிறது, அதனால் அங்கேயே வெட்டிவிட்டேன். வலைப் பின்னலில் நூலை வரிசையின் நடுவில் மாற்றினால் முனையை ஒளித்துவைக்க இடமே இல்லை, எங்கே நுழைத்தாலும் துளை வழியாகத் தெரியும். கம்பளியாக இருந்தால் இரண்டு முனையையும் ஈரமாக்கித் தேய்த்து ஒட்டவைத்துவிடலாம், பருத்தி அப்படி ஒட்டாது. ஆகவே புது நூல் ஓரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், அரை அடி முனை விட்டு, பிறகு ஓரப் பின்னலுக்குள் அதை ஒருமுறை போய் ஒருமுறை திரும்பி வரக் கோர்த்தால் துவைத்தாலும் வெளியே வராது. மிச்சத் துணுக்கைத் தூக்கிப் போடவில்லை, பார்டருக்கு ஆகும்.

வரிசை 42. 60 வரிசை என்பது என் திட்டம், அதில் 42 முடிந்தபோதுதான் வலைக்கான நூல் பாதியாகியிருந்தது. முக்கோணத்தின் குணம் இது. ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட நீளம், மொத்த நூல் வரிசை எண்ணின் வர்க்கமாக ஏறுகிறது, அதனால் எழுபது சதவீத வரிசை முடிந்தால்தான் பாதி நூல் போயிருக்கும், மிச்ச முப்பது சதவீதம் மிச்சப் பாதியை விழுங்கும். முதல் கண்டு 37 வரிசைக்கு வந்தது, இரண்டாவது 15 வரிசைக்குத்தான் வந்தது. இது தெரியாமல் "பாதி ஷால் முடிந்தது, ஒரு கண்டுதான் ஆனது" என்று கணக்குப் போட்டால் கடைசியில் பார்டருக்கு நூல் இருக்காது, அதே நிறம் வேறு சாயத் தொகுப்பில் கிடைத்தாலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இங்கிருந்து ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்டை நிறுத்தேன். ஒரு கிராம் வரை காட்டுகிற தராசு இந்த வேலைக்குப் போதும். நூலைச் சுற்றியிருக்கிற அட்டைக் குழலின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஆரம்பத்திலேயே முழுக் கண்டை நிறுத்து, லேபிள் சொல்கிற 50-ஐக் கழித்துக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

நடுவில் ஒரு வார்த்தை: வரிசை நீளமாகிவிட்டதும் எண்ணுவதை விட்டுவிட்டு, நடுக்கோட்டில் ஒரு மார்க்கர் (அடையாளத்துக்கு மாட்டுகிற சின்ன வளையம்), இருபது கட்டத்துக்கு ஒரு மார்க்கர் என்று மாட்டிக்கொண்டேன். ஒரு வரிசையைப் பிரிக்க நேர்ந்தால் எங்கிருந்து என்று தேட வேண்டியதில்லை.

வரிசை 60. இது வி வரிசை, பார்டருக்கு நல்ல அடித்தளம். மூன்றாவது கண்டில் 18 கிராம், துணுக்குகள் சேர்த்தால் கிட்டத்தட்ட 22. பார்டருக்கு 15 ஒதுக்கியிருந்தேன். இன்னும் ஒரு வரிசைக்கு நூல் இருந்தது உண்மைதான், ஆனால் வலை வரிசையின் மேல் விசிறி உட்காருவதைவிட வி வரிசையின் மேல் நன்றாக உட்காரும், அதனால் நிறுத்தினேன்.

பார்டர் இரண்டு வரிசை. முதலில் நாலு கட்டத்துக்கு ஒரு விசிறி, ஐந்து டபுள். அதன் மேல் ஏழு டபுள், விசிறிக்கு மூன்று பிக்காட், அதாவது மூன்று செயின் போட்டு முதல் செயினிலேயே ஸ்லிப் ஸ்டிச். அன்னாசி டிசைன் பார்டரும் யோசித்தேன், அழகுதான், ஆனால் அது அடர்த்தியான ஸ்டிச் குவியல், ஓரத்தில் எடை சேர்ந்து ஷால் முழுக்கக் கீழே இழுக்கும். மேல் ஓரத்துக்கு வரிசைக்கு இரண்டு சிங்கிள் குரோஷே (டபுளைவிடக் குட்டையான ஸ்டிச்). 3.5 ஊசியிலேயே போட்டால் கழுத்துப் பக்கம் லேசாகச் சுருங்கி இழுக்கிறது, 4 மி.மீ. ஊசிக்கு மாறியதும் சமமாகப் படுத்தது.

ஊசியிலிருந்து எடுத்தபோது 128 செ.மீ. அகலம், 63 ஆழம், கசங்கிய வலைத் துண்டு மாதிரி இருந்தது. இந்த நிலையில் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம், லேஸ் எல்லாமே பிளாக்கிங்குக்கு (நனைத்து, இழுத்துப் பின் குத்திக் காயவைப்பதற்கு) முன்னால் இப்படித்தான். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்தேன். ஃபோம் பாயில் முதலில் மேல் ஓரத்தை நேர்கோடாகப் பின் குத்தி, அடுத்து நடுக்கோட்டின் நுனி, அப்புறம் ஒவ்வொரு விசிறிக்கும் நடுப் பிக்காட்டில் ஒரு பின். துருப்பிடிக்காத பின்தான் வேண்டும், ஈரப் பருத்தியில் துருக்கறை விழுந்தால் போகாது. காய்ந்ததும் 152-க்கு 76. துளைகள் சதுரமாகத் திறந்துகொண்டன, விகள் இப்போதுதான் விகளாகத் தெரிந்தன. ஈரத்தோடு கொடியில் தொங்கவிடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன், நனைந்த பருத்தி தன் எடையிலேயே நீளவாக்கில் இறங்கிவிடும், அகலம் போய்விடும். கம்பளி அளவுக்கு இந்த வடிவத்தைப் பருத்தி பிடித்து வைத்துக்கொள்ளாது, ஒவ்வொரு துவையலுக்குப் பிறகும் மேசையில் விரித்து, கையால் இழுத்துச் சமப்படுத்தி, இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் மேலே பிடித்து ஆவி மட்டும் கொடுத்தால் போதுமாக இருக்கிறது.

மொத்தம் 143 கிராம். மிச்சம் 7 கிராம் நூல், எங்காவது அறுந்தால் ஒட்டுப்போட வைத்திருக்கிறேன். அடுத்ததற்கு 100 கிராமுக்கு 800 மீட்டர் வருகிற லேஸ் நூலும் 3 மி.மீ. ஊசியும் எடுக்கப் போகிறேன், எடை இதில் பாதிப் பக்கம் வரும் என்று நினைக்கிறேன், வரிசைகள் கூடும், மார்க்கர் இன்னும் கொஞ்சம் வாங்க வேண்டும்.